பழைய பெர்டானாவா, புதிய மைவியா? வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

கோலாலம்பூர்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தினமும் வேலைக்குச் சென்றுவர முதல் கார் தேடுபவர்கள் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. பழைய புரோட்டோன் பெர்டானாவைக் கையிலுள்ள சேமிப்பிலேயே வாங்கிவிடலாம். புதிய பெரோடுவா மைவிக்கோ பல ஆண்டுகள் மாதத் தவணை கட்ட வேண்டும்.

1995-இல் அறிமுகமான பெர்டானா, அமைச்சர்கள் பயணித்த கார். அகலமான இருக்கைகள், பெரிய சாமான் அறை, நெடுஞ்சாலையில் அலுங்காத ஓட்டம் ஆகியவை இன்றும் அதன் பலம். குடும்பத்தோடு தூரப் பயணம் போக வசதியானது.

செலவு பிறகுதான் தெரியும். தீபகற்ப மலேசியாவில் 2.0 லிட்டர் பெர்டானாவின் ஆண்டு சாலை வரி சுமார் 379 ரிங்கிட். மைவி 1.3-க்கு 70 ரிங்கிட், 1.5-க்கு 90 ரிங்கிட் மட்டுமே. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் பெரிய இன்ஜின் பெட்ரோலையும் அதிகம் குடிக்கும்.

பெர்டானா வி6-இல் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். அது அறுந்தால் இன்ஜினே கெடலாம். 2017-இல் வந்த மைவியில் பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ளது. ஆசியான் என்கேப் பாதுகாப்புச் சோதனையில் அது 5 நட்சத்திரம் பெற்றது.

பெர்டானாதான் வேண்டும் என்பவர்கள் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சேமிப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பழுதுக்கென ஒரு பகுதியை ஒதுக்குங்கள். இல்லாவிட்டால், தவணைக்குப் பயந்து வாங்கிய காரே கடனாளியாக்கிவிடும்.