கிணற்று நீரில் எண்ணெய்

கிணற்று நீரைக் கையில் ஏந்தி, முகர்ந்து, ஒரு மிடறு பருகி, "நல்ல தண்ணீர்தான்" என்று தீர்ப்பளிப்பது நம் வழக்கம். உப்பையும் சேற்றையும் நாவும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய்க் குழாய்கள் ஓடும் நிலத்தில் இந்தச் சாட்சிகளை நம்பலாமா? திருவொற்றியூர் மாணவர்களை மனத்திற்கொண்டே இதைச் சொல்கிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை தெற்கே தண்டையார்பேட்டை வழியே செல்கிறது. 2013-ஆம் ஆண்டில் அங்குள்ள வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் நீரோடு எண்ணெயும் ஏறிவந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

எண்ணெய் நீரைவிட இலேசானது. மணலூடே இறங்கி நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். மிதப்பதைக் கண்டுகொள்ளலாம், கரைந்திருப்பதைக் காண முடியாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் நீரில் ஓரளவு கரையும். அது இரத்தப் புற்றுநோயை விளைவிக்க வல்லது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதாவது, 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் எட்டில் ஏறக்குறைய ஒரு கிராம்! அதன் மணத்தை மூக்கு உணர்வதற்கோ, அவ்வளவைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேண்டும். மணம் இல்லை என்பதால் பென்சீன் இல்லை என்றாகாது. காய்ச்சினால் போய்விடாதா என்று சிலர் கேட்பதுண்டு. போகும், நீரைவிட்டு அடுப்பங்கரைக் காற்றிலே கலக்கும். அதை மூச்சில் இழுப்பவர் சமைப்பவரே.

ஆகவே சோதனைச்சாலைதான் வழி. ஆனால் சோதனை கிணற்றடியிலேயே தொடங்கிவிடுகிறது. குழாயில் தேங்கிய நீரை முதலில் இறைத்து வெளியேற்றவேண்டும். பிறகு சிறு கண்ணாடிக் குப்பியில், குமிழி ஒன்றும் இல்லாதபடி விளிம்புவரை நிரப்பி மூடவேண்டும். மேலே காற்றிடம் இருந்தால் பென்சீன் அதற்குள் தப்பிவிடும். அப்புறம் நீர் சுத்தமென்றே அறிக்கை வரும்! குப்பி பனிக்கட்டியில் குளிர்ந்தபடியே பயணம் செய்யவேண்டும். பிளாஸ்டிக் புட்டியில், வெயிலில் வைத்து எடுத்துச் சென்ற நீரின் முடிவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சோதனைச்சாலையில் அந்நீரினூடே மந்த வாயு ஒன்றைக் குமிழிகளாகச் செலுத்துவர். ஆவியாகும் பொருள்கள் வாயுவோடு வெளியேறி ஒரு பொறியில் சிக்கும். பொறியைச் சூடாக்கி, மயிரிழைபோல் நுண்ணிய துளையுடைய நீண்ட குழலுள் அவற்றை ஓடவிடுவர். பென்சீன் முந்தும்; டொலுவீன், சைலீன் முதலியன பின்தொடரும். குழலின் முனையிலுள்ள நிறைமானி ஒவ்வொன்றையும் சிதைத்துத் துணுக்குகளை நிறுக்கும். இதனால் எண்ணெயின் அளவோடு அதன் இனமும் புலனாகும்: பெட்ரோலின் வரைபடம் வேறு, டீசலின் வரைபடம் வேறு. குழாய்களும் கிடங்குகளும் மலிந்த வடசென்னையில், "யாருடைய எண்ணெய்?" என்ற வழக்குக்கு இந்த வரைபடமும் ஒரு சாட்சியாகும்.

ஒருமுறை சோதித்தால் போதாது. கோடையில் நீர்மட்டம் இறங்க, எண்ணெயும் இறங்கி மணலில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஏறும்போது அது மீண்டும் கரையத் தொடங்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை, அதே கிணற்றில் நீர் எடுக்கவேண்டும்.