வேலி தந்த மருந்து

இங்கிலாந்தின் பழைய மாளிகைத் தோட்டங்களின் படங்களைப் பார்த்தவர்கள், மதில்போல நேர்கோட்டில் நிற்கும் கரும்பச்சை வேலியைக் கவனித்திருக்கக்கூடும். ‘யூ’ என்னும் ஊசியிலை மரத்தை நெருக்கமாக நட்டு, ஆண்டுதோறும் கவாத்து செய்து உருவாக்கிய உயிர்வேலி அது.

தோட்டக்காரர்கள் இந்த மரத்தை விரும்புவதற்குக் காரணம் அதன் மந்தகதிதான். நன்கு வேரூன்றிய பின்னரும் ஆண்டுக்கு ஓர் அடி அளவுக்கே வளரும். எனவே, கோடையின் இறுதியில் ஒருமுறை கத்தரித்தால் போதும். இன்னொரு குணம் அதைவிட முக்கியமானது. பெரும்பாலான ஊசியிலை மரங்களை அடிக்கட்டை வரை வெட்டினால் மீண்டும் துளிர்ப்பதில்லை. யூ துளிர்க்கும். தவறாக வெட்டினாலும் சில ஆண்டுகளில் மன்னித்துவிடும். வேரில் நீர் தேங்குவதை மட்டும் அது பொறுப்பதில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, லெவன்ஸ் ஹால் மாளிகைத் தோட்டம் 1694-இல் அமைக்கத் தொடங்கப்பட்டது. குடையாகவும் கூம்பாகவும் கத்தரிக்கப்பட்ட மரங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. இப்படி மரத்தைச் சிலையாக்கும் பழக்கத்தைக் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1713-இல் கேலி செய்து எழுதினார். அதன்பின் நாகரிகம் மாறி, இத்தகைய தோட்டங்கள் பல அழிக்கப்பட்டன. சைரன்செஸ்டர் நகரில், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரபு நட்ட யூ வேலி இப்போது ஏறத்தாழ 40 அடி உயரத்தில் நிற்கிறது. அதைக் கத்தரிக்க இயந்திர ஏணி தேவைப்படுகிறது.

விதையைச் சூழ்ந்த சிவந்த சதையைத் தவிர, இம்மரத்தின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. வெட்டிய கிளையைத் தின்ற மாடும் குதிரையும் இறப்பதுண்டு. அதனால், கத்தரித்த தழையைத் தோட்டக்காரர்கள் தொல்லையாகவே கருதிவந்தனர்.

பொருளியல் ஆசிரியனான எனக்கு இம்மரத்தின் மீது ஆர்வம் பிறந்தது அந்தத் தழையால்தான். கையிருப்பை அழித்து வாழ்வதற்கும், கையிருப்பு தரும் வருவாயில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

முதல் பாடம் வில்லில் தொடங்குகிறது. நீண்ட வில் செய்ய யூவை விஞ்சிய மரமில்லை என்பது இடைக்கால இங்கிலாந்தின் முடிவு. உள்நாட்டு மரம் போதாததால், இறக்குமதிச் சரக்கின் ஒவ்வொரு டன் அளவுக்கும் நான்கு வில்கழிகள் கொண்டுவர வேண்டுமென 1472-இல் சட்டம் செய்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் மத்திய ஐரோப்பாவின் யூ காடுகள் பெரிதும் தீர்ந்துபோயின.

இரண்டாவது பாடம் அமெரிக்காவில். மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூவை மரவணிகர்கள் களையாகக் கருதி எரித்துவந்தனர். 1962-இல் அரசுத் தாவரவியலாளர் ஒருவர் அதன் பட்டையைச் சோதனைக்குச் சேகரித்தார். மன்றோ வாலும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் அதிலிருந்து பிரித்த பொருளின் அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். அதுவே பாக்லிடாக்சல். சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992-இல் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுநோய்க்கும் அது இன்று முக்கிய மருந்து.

ஆனால் பட்டையின் எடையில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கே மருந்து. பட்டையை உரித்தால் மரம் இறந்துவிடும். ஒரு நோயாளிக்கே பல முதிர்ந்த மரங்கள் தேவைப்பட்டன. பழங்காட்டைக் காக்க முனைந்தவர்களும், மருந்துக்குக் காத்திருந்தவர்களும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஐரோப்பியத் தோட்ட யூ. அதன் இலையில் மருந்தின் முன்னோடிப் பொருள் ஒன்று இருப்பதையும், அதை வேதிவினையால் மருந்தாக மாற்றலாம் என்பதையும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் காட்டினார்கள். இலை பறித்தால் மரம் சாவதில்லை. ஓராண்டுத் தளிரே இதற்கு ஏற்றது என்பதால், ஆண்டுதோறும் கத்தரிக்கப்படும் வேலிகளுக்கு மதிப்பு கூடியது. பிரிட்டனில் கவாத்துத் தழையை விலைக்கு வாங்கிச் செல்லத் தொடங்கினர். அழகுக்காக மட்டும் முந்நூறாண்டு பேணிய வேலி, நட்டவர் கனவிலும் எண்ணாத வருவாயைத் தந்தது. பின்னர், கலன்களில் வளர்க்கப்படும் தாவர உயிரணுக்களிலிருந்தும் மருந்து எடுக்கும் முறை வந்தது.

நம் இமயமலை யூவின் நிலை வேறு. மலைமக்கள் அதன் பட்டையைத் தேநீராகக் காய்ச்சுவதுண்டு, இலை நாட்டுமருந்தாகும். இந்தச் சிறு தேவையை மரம் தாங்கியிருக்கும். மருந்துச் சந்தை திறந்ததும் 1990-களில் இலையும் பட்டையும் கணக்கின்றி உரிக்கப்பட்டன. காட்டு மரத்துக்கு உரிமையாளர் இல்லை. இன்று விட்டுவைப்பவருக்கு நாளை அது கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டும், அது இன்று அழிவின் விளிம்பை நெருங்கும் இனமாகவே இருக்கிறது.

தடை மட்டும் போதுமென நான் நினைக்கவில்லை. யூவின் கிளைத்துண்டு வேர்பிடிக்கும். மலைக்கிராமங்களின் பொதுநிலத்தில் வேலியாக நட்டு, தழையை விற்கும் உரிமையை ஊராருக்கே அளிக்கலாம். இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. கால்நடை வளர்ப்போரின் ஊரில் நச்சுமரத்தை எங்கே நடுவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். அடுத்து, ஆளுயர வேலிக்கு ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆகும். இங்கிலாந்துப் பிரபுவுக்குக் காத்திருக்க வசதி இருந்தது. மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கு அந்தப் பத்தாண்டுகளின் கூலியை அரசோ மருந்து நிறுவனங்களோ முன்கூட்டியே தர வேண்டியிருக்கும்.