பதினான்கு பேர், இரண்டு நடிகர்கள்

மதுச்சாலையில் நடக்கும் ஒரு நாடகத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதலாமா என்று சகோதரிகளில் சிலர் யோசிக்கக்கூடும். எழுதலாம் என்றே நினைக்கிறேன். அந்த நாடகத்தில் குடியைவிட அதிகமாகப் பேசப்படுவது குடும்பம்தான். கணவன், மனைவி, மூப்பு, இழப்பு, பேசாமல் விட்ட வார்த்தைகள் என்று நமக்குப் பழக்கமான சங்கதிகளே அதில் நிறைந்திருக்கின்றன. போதாக்குறைக்கு வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைக்கிறது.

நாடகத்தின் பெயர் 'டூ'. இரண்டு என்று பொருள். எழுதியவர் ஜிம் கார்ட்ரைட். இங்கிலாந்தின் வடபகுதியில், மன்செஸ்டருக்கு அருகே, ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் வாழ்ந்த போல்டன் என்ற நகரம் இருக்கிறது. அதனை அடுத்துள்ள ஃபார்ன்வேர்த்தில் 1958 இல் பிறந்தவர் அவர். வேலையில்லாத் திண்டாட்டத்தில் சிக்கிய ஒரு தெருவின் கதையாக 1986 இல் அவர் எழுதிய 'ரோட்' அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் பின் 1989 இல், தன் சொந்த மண்ணான போல்டனின் ஒக்டகன் அரங்கில் 'டூ' மேடையேறியது. அப்போது நடித்தவர்கள் சூ ஜோன்ஸ்டன், ஜோன் மெக்கார்டில். 'ப்ரூக்சைட்' என்ற தொலைக்காட்சித் தொடரின் மூலம் பிரித்தானிய வீடுகளில் நன்கு அறிமுகமான முகங்கள் இவை.

அங்கே 'பப்' என்று சொல்லப்படும் இடத்தை நம்மூர்த் தவறணையோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். அதாவது பொது வீடு. பெண்களும் போவார்கள், முதியவர்களும் போவார்கள். குளிர்காலத்தில் வீட்டில் தனியே இருக்க முடியாதவர்கள் ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதை நடத்துபவரை ஆங்கிலத்தில் வீட்டுக்காரர் என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். அவருடைய மனைவி வீட்டுக்காரி. தமிழில் வீட்டுக்காரர் என்றால் கணவன் என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? இந்தக் கதைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிறிய மண்டபத்தில், ஊர் நாடகக் குழு ஒன்று நடித்தபோதுதான் நான் இதைப் பார்த்தேன். அங்கே பாடசாலையில் நாடகத்தை ஒரு பாடமாகப் படித்த என் அக்காவின் மகள் அழைத்துப் போனாள். நாடகம் படிக்கும் மாணவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் பிரதிகளில் இதுவும் ஒன்று. "சின்னம்மா, மேடைக்கு இரண்டு பேர்தான் வருவினம். ஆனா எத்தனை பேர் இருக்கினம் எண்டு எண்ணிக்கொண்டு இருங்கோ" என்றாள். எண்ணினேன். பதினான்கு வந்தது.

மேடையில் இருப்பது மதுச்சாலையின் கவுண்டர் மட்டும். மற்ற யாவும் ஊமம். நம் நாட்டில் நாடகமும் அரங்கியலும் படித்த சகோதரிகளுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பேச்சு உண்டு, ஆனால் பொருள் இல்லை. கையில் கோப்பை இல்லை. இருந்தும் அதன் பாரத்தை மணிக்கட்டு காட்டுகிறது. கதவு இல்லை, யாரோ உள்ளே வந்துவிட்டதை வீட்டுக்காரியின் கண்கள் சொல்கின்றன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடக்கும்போது தோளைச் சரித்து, வயிற்றை உள்ளிழுத்து அவர் போகும் விதத்தில் அந்த வெறும் மேடை நிரம்பி வழிகிறது. பத்து நிமிடம் போனதும், இல்லாத ஆட்களை மிதித்துவிடப் போகிறாரே என்று எனக்கே பதற்றமாக இருந்தது.

இந்த முறையைச் சிக்கனத்துக்காகக் கையாண்டதாக நான் நினைக்கவில்லை. ஒரு நடிகை வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுகிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள், சிரிக்கிறாள். தனிமையில் இருப்பவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்? நெரிசலான இடம்தான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் காற்று மாதிரி.

வருபவர்களில் முதலில் மனதில் நின்றவர் ஒரு மூதாட்டி. வீட்டில் நடமாட முடியாத கணவர். அவரைத் தூக்குவது, கழுவுவது, ஊட்டுவது எல்லாம் இவர்தான். மாலையில் ஒரேயொரு கோப்பைக்காக இங்கே வருகிறார். அந்த நாளில் அவருக்கென்று இருப்பது அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. இறைச்சிக் கடைக்காரரின் உடல்வாகைப் பற்றி அவர் வெளிப்படையாகச் சொல்லும் ரசனைப் பேச்சைக் கேட்டு மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படியே அடுத்த வசனத்தில் கணவரின் பாரம் வந்து சேர்ந்தது. நடித்தவர் இளம் பெண். முகத்தில் பூச்சு இல்லை, நரைமுடியும் இல்லை. இடுப்பை மட்டும் சற்றே மடித்து, தூக்கித் தூக்கிக் களைத்த கைகளை மடியில் போட்டிருந்தார். நோயாளியைப் பராமரிக்கும் பெண்களின் கைகள் அப்படித்தான் இருக்கும். நம்மில் பலருக்கு அது தெரியும்.

திருமதி ஐகர் என்பவருக்குப் பெரிய, பலசாலியான ஆண்கள் மீது மோகம். அவருடைய கணவரோ நோஞ்சான். கவுண்டருக்குப் போய் இரண்டு பானம் வாங்கி வருவதற்குக்கூட அவரால் முடியவில்லை. ஒரு கையை நீட்டுகிறார், யாரும் திரும்பவில்லை. 'மன்னிக்கவும்' என்கிறார், இல்லாத கூட்டம் அவரைத் தள்ளிவிடுகிறது. இது அப்பட்டமான நகைச்சுவை. தொலைக்காட்சியே கதியென வாழும் ஃப்ரெட், ஆலிஸ் தம்பதியரும் சிரிப்புக்குக் குறை வைக்கவில்லை. இறந்துபோன மனைவியின் அருகாமையை இன்னும் உணர்ந்துகொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரும் உண்டு. அவருக்கு நகைச்சுவை தேவைப்படவில்லை.

மொத் என்ற பசப்புக்காரனும் மோடி என்ற பெண்ணும் வரும் பகுதி மட்டும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. மோடியின் பணப்பையில் வாழ்ந்துகொண்டு, வருகிற பெண்களையெல்லாம் வளைக்கப் பார்க்கிறான் அவன். கடைசியில் கல்யாணப் பேச்சு வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதுபோல் தோன்றுகிறது. மண்டபம் கைதட்டியது. எனக்கோ அந்தப் பணப்பையைப் பற்றிய கவலை தீரவில்லை.

பிறகு ரோய், லெஸ்லி இருவரும் வந்தார்கள். முதலில் இதுவும் வேடிக்கை என்றே நினைத்தோம். ரோய் பேச்சுக்காரன். லெஸ்லி தலையைக் குனிந்தபடி அமர்கிறாள். அவளுடைய பார்வை எங்கே போனாலும், யாரைப் பார்த்தாய் என்று கேட்கிறான். அவள் யாரையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு மேடையில் ஆளும் இல்லை! ஊமத்தின் உச்சம் என்று நான் சொல்வது இதைத்தான். இல்லாத ஓர் ஆணைப் பார்த்ததாகக் குற்றம் சாட்டப்படுகிறாள். அந்த ஆண் உண்மையில் அங்கே இல்லை என்பது மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சிறு சிறு விஷயங்களுக்கும் அவனுடைய முகத்தைப் பார்க்கிறாள். முழங்கால்களை நெருக்கி, தோள்களைக் குறுக்கி, நாற்காலியில் பாதி இடத்தில் இருக்கிறாள். எங்கள் வரிசையில் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அவன் கையை ஓங்கி அறைந்தபோது யாரிடமும் சத்தமில்லை.

மற்றவர்களை யாரும் பார்ப்பதில்லை, அது அவர்களுடைய தனிமை. லெஸ்லியை ஒருவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதுவும் தனிமைதான், அதைவிடக் கொடியது.

இந்தக் காட்சி எழுதப்பட்ட 1989 இல், அறைந்ததைத்தான் சட்டம் கண்டிருக்கும். அதற்கு முந்திய பத்து நிமிடத்தை அல்ல. துணையைத் தொடர்ந்து கண்காணித்து, அடக்கி, பயத்தில் வைத்திருப்பது தனிக் குற்றமாக இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டமானது 2015 ஆம் ஆண்டில். நம் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடல் வதையுடன் கடுமையான மனவதையையும் வன்முறை என்றே கொள்கிறது. பாதுகாப்புக் கட்டளை கோரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். காயம் இல்லையே, யாரிடம் சொல்வது என்று இருக்கும் சகோதரிகளுக்காக இதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

இத்தனை பேர் வந்து போகும் நடுவே வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். வாடிக்கையாளர்களிடம் தேன் ஒழுகும் பேச்சு, திரும்பியதும் முகத்தில் கல். தம்பதியர் சண்டை என்று முதலில் ரசிக்கத்தான் செய்தோம். அவர்கள் ஒரே குழியில் நின்று எதிரெதிர்த் திசையில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பது பின்னால்தான் விளங்கியது.

இரவு ஆனதும் ஒரு சிறுவன் உள்ளே வருகிறான். அப்பா தன்னை வெளியே விட்டுவிட்டுப் போய்விட்டார் என்கிறான். கூட்டத்தில் அப்பாவைத் தேடுகிறான். வீட்டுக்காரி குனிந்து அவனுக்கு ஆறுதல் சொல்கிறாள். இந்தச் சிறுவனாக நடிப்பவர் யார்? மேடையில் இருக்கும் ஆண் ஒருவர்தான். சற்று முன்வரை அவளுடைய கணவராக நின்றவர் இப்போது முழங்கால் தளர, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், உதடு துடிக்க நிற்கிறார். வளர்ந்த ஆண் என்பதே மறந்துபோகிறது. அப்பா வந்து கூட்டிப்போகிறார். கதவு மூடுகிறது. அவள் அசையவில்லை.

அதன் பின்தான் தெரிய வருகிறது. அந்தத் தம்பதியருக்கு ஒரு மகன் இருந்தான். ஏழு வருடங்களுக்கு முன் வாகன விபத்தில் இறந்துவிட்டான். அன்றிலிருந்து இருவரும் அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. துக்கத்தைக் குற்றச்சாட்டாக மாற்றி அடக்கி வைத்து, மேலே சிரிப்பைப் பூசி, ஒவ்வோர் இரவும் கடை திறந்திருக்கிறார்கள். அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சைக்காகப் பல முறை படித்த பிரதி அவளுக்கு. அப்படியிருந்தும் அழுதாள்.

கடைசிக் காட்சியில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இல்லாத கோப்பைகள் இல்லை, இல்லாத ஆட்கள் இல்லை. முதல் முறையாக இரண்டு நடிகர்களும் காற்றைப் பார்க்காமல், எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்துப் பேசுகிறார்கள். சண்டையாகத்தான் தொடங்குகிறது. முடியும்போது குரல்கள் தாழ்ந்திருந்தன. பின்வரிசையில் இருந்த எங்களுக்கு அதைக் கேட்க முன்னால் சாய வேண்டியிருந்தது.