இரண்டு இரும்பு, ஒரு ஒட்டு

எண்ணூர் பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. பக்கத்திலேயே, அத்திப்பட்டில், வடசென்னை நிலையத்தின் மூன்றாம் கட்டம் (800 மெகாவாட்) 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. இது சூப்பர் கிரிட்டிக்கல் வகை. இந்த வகை பாய்லர்களில் நீராவி 600 டிகிரியை நெருங்கும். அந்தச் சூட்டைத் தாங்கத் துருப்பிடிக்காத எஃகு வேணும். அது விலை அதிகம். அதனால் சூடு அதிகமான இடத்துக்கு மட்டும் அதைப் போட்டு, மீதிக்கு குரோமியம் குறைந்த எஃகுக் குழாய் போடுவாங்க. ரெண்டும் சேரும் இடத்தில் ஒரு வெல்டிங்.

இந்த ஒட்டு ஏன் சில வருஷம் கழிச்சு விடுது? நான் குறிச்சு வைத்திருக்கும் காரணங்கள் ரெண்டு.

முதலாவது, விரிவு. ஒரு மீட்டர் குழாயை 30 டிகிரியிலிருந்து 540 டிகிரிக்குச் சூடாக்கினால் சாதா பாய்லர் எஃகு சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். துருப்பிடிக்காத எஃகு சுமார் 9 நீளும். அந்த வித்தியாசத்தை ஒட்டுதான் தாங்கணும், ஒவ்வொரு தடவை பாய்லரை ஏற்றி இறக்கும்போதும்.

இரண்டாவது, கார்பன். குரோமியத்துக்குக் கார்பன் மேல் ஈர்ப்பு அதிகம். சூட்டிலேயே வருஷக்கணக்கில் கிடந்தால், குரோமியம் குறைந்த பக்கத்துக் கார்பன் மெல்ல எதிர்ப்பக்கம் போயிடும். விட்டுப்போன இடம் மெலிந்த பட்டையாகிறது. விரிசல் அங்கேதான் பிடிக்கும்.

இதற்கு மருந்து நிக்கல். நிக்கல் கலந்த நிரப்புக் கம்பியில் விரிவு சாதா எஃகுக்குப் பக்கத்தில் இருக்கும். கார்பனும் அதில் லேசில் நகராது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இன்னும் ஒரு படி மேலே போனாங்க: வேக ஈனுலைக்காக, ரெண்டு எஃகுக்கும் நடுவே அலாய் 800 என்ற நிக்கல் கலவைத் துண்டை வைத்து மூன்று உலோக இணைப்பு செஞ்சாங்க. விரிவு படிப்படியா மாறுது.

இப்போ பகலில் சூரிய மின்சாரம் கூடக்கூட, அனல் நிலையங்களை அடிக்கடி ஏற்றி இறக்க வேண்டி வருது. அது இந்த ஒட்டுகளுக்குத்தான் முதல் சோதனை. வெல்டிங் முடிஞ்ச அன்னைக்கு எக்ஸ்ரேயில் பாஸானது அன்றைய நிலைமைக்கு மட்டும்தான் சான்று. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய பிறகு, குரோமியம் குறைந்த பக்கத்து ஓரத்தை மறுபடி சோதிக்கணும். குழாய் ஒன்று கிழிஞ்சால் மொத்த யூனிட்டும் நிக்கும்.