இன்ஜினை அப்புறம் தட்டுங்க!

செஸ் போட்டியில் தோற்று வரும் பிள்ளையிடம், 'எங்கே கோட்டை விட்டே?' என்று கேட்டால் விழிக்கிறதா? முதலிபாளையம் சிட்கோவில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவுக்கு செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கூட உட்கார்ந்தால் போதும். போட்டியில் எழுதிய தாளைப் பார்த்து, பிள்ளையே லிசெஸ் ஆப்பில் ஒவ்வொரு காயாக நகர்த்திப் பதியட்டும். ஆட்டத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம். ஆப் இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது.

அதிலுள்ள ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின், தவறை நொடியில் காட்டிவிடும். அதை உடனே தட்டக் கூடாது! 2024-ல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருடங்களில் இன்ஜின் பக்கமே விடவில்லை. இத்தனைக்கும் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனது 12 வயதில்.

'இங்கே வேறென்ன ஆடியிருக்கலாம்?' பதிலைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் பிள்ளை எழுதட்டும். இன்ஜின் என்ன சொல்கிறது என்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.