சிலேற்றுக் கல் கூறும் வரலாறு

முன்னாளில் பிள்ளைகள் எழுதப் பழகிய சிலேற்றுப் பலகையை நாம் அறிவோம். அக்கல் ஏடேடாகப் பிளப்பதைக் காண்போர், கடலடியிற் சேறு படிந்த படைகளே அவ்வேடுகள் என எண்ணுவர். அஃது உண்மையன்று.

பிரித்தானியாவின் வேல்ஸ் மலைகளில் இக்கல் மிகுதி. அங்கே, ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த களிமண் இறுகிப் பாறையாயிற்று. பின்னர் நிலவோடு பக்கங்களிலிருந்து நெருக்குண்டபோது, அப்படைகள் மடிந்து வளைந்தன. அவ்வேளை ஆழத்து வெப்பத்தால் களிக் கனிப்பொருள்கள் மைக்கா முதலியனவாக உருமாறின. நுண்ணிய மைக்காத் தகடுகள் நெருக்கிய திசைக்குக் குறுக்காக அணிவகுத்தன. கல் பிளப்பது அத்தகடுகளின் வழியேயாம். ஆதலின் படைகள் வளைந்து கிடப்பினும், பிளவுகள் அவற்றை ஊடறுத்துச் செல்கின்றன.

1853இல் சோர்பி என்னும் ஆங்கில அறிஞர், சிலேற்றை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, இப்பிளவு நெருக்கத்தின் விளைவே என விளக்கினார். ஊதா நிறச் சிலேற்றிலுள்ள பச்சைப் புள்ளிகளும் அதற்குச் சான்று. முன்பு உருண்டையாயிருந்த அவை இன்று தட்டையாயுள்ளன. அவற்றை அளந்து, பாறை எவ்வளவு நெருக்குண்டது என மதிப்பிடலாம்.

மாணவர்காள்! பிளவைப் படையென மயங்குவோர் மலையின் மடிப்பையே பிழையாக வரைவர். கல்லிற் பிளவைக் கண்டதும் படையையும் தேடுங்கள்; இரண்டும் சேர்ந்தே மலை பிறந்த கதையைக் கூறும்.