கழுவிக் கொட்டிய ஒரு லிட்டர்

"அம்மா, ஒரு ராத்திரி வெட்டவெளியிலே படுக்கணும். வர்றியா?" என்று மகள் கேட்டாள். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், கிராண்ட் கல்ச் என்று ஒரு பள்ளத்தாக்கு. பழங்குடி மக்கள் பாறைக் குடைவுகளுக்குள் கட்டிய வீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. கேன் கல்ச் என்ற இடத்தில் இறங்கி ஏழரை கிலோமீட்டர் நடந்து, இரவு தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். அனுமதிச் சீட்டு உண்டு.

ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் முதுகில். அதுவே 4 கிலோ! அக்டோபர் மாதம்தான், ஆனாலும் காற்றில் ஈரமே கிடையாது. வேர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றிவிடும். தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும்; உப்புக் கடலையும் கொறித்துக்கொள்ள வேண்டும். (முட்டிவலிக்காரிகளே, கைத்தடி இல்லாமல் இறங்காதீர்கள்!)

மதியம் உப்புமா கிண்டினேன். கைப்பழக்கம் விடுமா? சட்டியைப் பளிச்சென்று கழுவி, முகமும் கழுவிக்கொண்டேன். மகள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு லிட்டர் போச்சேம்மா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நம்பிப் போன ஊற்றில், பாறைக்குழியில் கலங்கல் நீர் கொஞ்சம் கிடந்தது, மேலே பூச்சி. துப்பட்டாவை நாலாக மடித்து வடிகட்டித் தெளிய வைத்தோம். அது தெளிவதற்குள் பக்கத்து வீடுகளைப் பார்க்கப் போனோம்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். கரி படிந்த கூரைப்பாறை. சுவரில் மண் பூசியவர்களின் விரல் தடம் அப்படியே இருக்கிறது! தரையில் என் விரலளவு சோளத்தக்கைகள். குச்சி நட்டு மண் பூசிய வான்கோழிப் பட்டியும் உண்டு. அந்த ஜனங்கள் இறகுக்காக வான்கோழி வளர்த்தார்களாம். யூட்டாவின் தென்கிழக்கில் கிடைத்த, சுமார் 800 வருஷத்துப் போர்வை ஒன்றை 2020-இல் ஆராய்ந்திருக்கிறார்கள். நார்க்கயிற்றில் சுற்றிய இறகுகள் மட்டும் 11,000-க்கு மேல். ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமே வரும் போர்வைக்கு எத்தனை நாள் உட்கார்ந்தாளோ, எந்தத் தாயோ!

1276 முதல் 1299 வரை இந்தப் பிரதேசத்தில் கடும் பஞ்சம். அதற்குள் ஜனங்கள் வீடுகளை விட்டுத் தெற்கே போய்விட்டார்கள். பஞ்சம் மட்டுமே காரணமில்லை, சண்டையும் இருந்தது என்கிறார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களான ஹோப்பி, சூனி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். இவை அவர்களுக்கு முன்னோர் வீடுகள். அதனால் ஓட்டுச் சில்லைக்கூட எடுக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது.

அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கையில் என் சட்டிதான் ஞாபகம் வந்தது. இந்தப் பாறையேறித் தண்ணீர் குடத்தோடு வந்தவள் அதை எப்படிச் செலவழித்திருப்பாள்?

தெளிந்த நீரைக் கொதிக்க வைத்து ஆற்றியதில் இரண்டு பாட்டில் தேறியது. ராத்திரிச் சட்டியை ரொட்டித் துண்டால் துடைத்து, அதையும் தின்றுவிட்டேன். மகள் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றாள்.